முந்தியை மட்டும் காட்டியவர்

ஜெராக்ஸ் கண்ணாடியின் மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அதை யாரும் படிக்க முடியாது. அது ஊருக்கே தெரியும், தரகருக்கும் தெரியும். ஆனால் கவிழ்ப்பதற்குள் நான் படித்துவிட்டால்? அதனால் காகிதத்தை என் கையில் தரமாட்டார். எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு அவரே கொண்டுவந்து கவிழ்ப்பார். நகல் வந்து விழும் இடத்தில் இன்னொரு கை காத்துக்கொண்டிருக்கும்.

"ணா, உங்க கை ரேகையும் சேந்து வருது," என்பேன்.

"வரட்டும்மா. ரேகைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்பார்.

காஞ்சிபுரம் ராஜவீதியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அவர் பின்தெருவில் குடியிருந்த புடவைத் தரகர். கோயில் வாசலில் வேனை விட்டு இறங்கும் கல்யாண வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பேசி, பட்டுக் கடைக்கோ தறி வீட்டுக்கோ அழைத்துப் போய் விடுவார். ஊரில் எல்லோரும் அவரைத் தரகர் என்றுதான் சொல்வோம். பெயர் இல்லாமல் இல்லை. அதையும் அவர் லேசில் யாருக்கும் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

"சாப்டீங்களாணா?" என்று நான் சும்மா கேட்டால், இவள் எதற்காகக் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பார். ஐயம்பேட்டைக்குப் போக வேண்டுமானால் ஷேர் ஆட்டோக்காரனிடம் அதற்கு முந்தின நிறுத்தத்தைச் சொல்லி இறங்கிக்கொண்டு, மிச்சத்தை வெயிலில் நடந்து போவார். எந்தத் தறி வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தால் வேறு தரகன் மோப்பம் பிடித்து வந்துவிடுவானாம். பெண்டாட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கினால்கூட இலையோடு சட்டைக்குள் வைத்துத்தான் எடுத்துப் போவார். அந்த வாசனையை எந்தச் சட்டை மறைக்கும்? தெருவே சிரிக்கும்.

அவர் தொழிலுக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார். புடவையை முழுசாக யாருக்கும் பிரித்துக் காட்டக்கூடாது. முந்தியை ஓர் இடத்தில் காட்ட வேண்டும், பார்டரை ஓர் இடத்தில் காட்ட வேண்டும். முழுசாகப் பிரித்தால் பார்க்கிறவனுக்கு ஆசை போய்விடும், பக்கத்தில் நிற்கிறவன் டிசைனைக் கொண்டுபோய்விடுவான். ஒருமுறை என் கடை வாசலிலேயே சித்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்திக்குப் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முந்தி, முந்தி, முந்தி. அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "சீர மொத்தம் சூப்பிஞ்சண்டி," என்று, புடவையை முழுசாகக் காட்டச் சொல்லித் தெலுங்கில் அதட்டினாள். "கடையில சூப்பிஸ்தாம்மா, ரண்டி," என்று, கடையில் காட்டுவதாகச் சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். அந்த அம்மாள் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். அன்றைக்கு அந்தக் குடும்பமே அவரிடம்தான் புடவை எடுத்தது.

இரண்டாவது சூத்திரம் மூன்று வாய். ஒரு புடவை என்ன விலை போகும் என்று தெரிய வேண்டுமானால், அதை மூன்று கடைக்குக் கொண்டு போவார். ஒவ்வொரு கடையிலும், "மொத மொத உங்ககிட்டதான் கொண்டாந்துகிறேன். வேற யாருக்கும் காட்டல," என்பார். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தனிடம் மூச்சுவிட மாட்டார்.

"முன்னாடி இன்னா சொன்னாங்கன்னு தெரிஞ்சா இவனும் அதையேதான்மா சொல்லுவான். தெரியாமச் சொல்லணும். மூணு வாயும் ஒண்ணு சொன்னா, அதான் வெலை."

அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். விலை தெரியாமல் ஏமாற இருந்த தறிக்காரக் குடும்பங்கள் எத்தனையோ அவருடைய மூன்று வாயால் பிழைத்தன. எனக்கே நன்மை செய்திருக்கிறார். நான் கடை போட்ட புதிதில் கோயிலுக்கு வருகிறவர்களில் ஆதார் நகல் வேண்டும் என்கிறவர்களையெல்லாம் என்னிடம் அனுப்பிவைத்தது அவர்தான். நான் கேட்டபோது, "நான் எதுக்கு அனுப்பறேன்? ஜனங்க தானா வருது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லது செய்ததையும் மறைத்த மனுஷன். அதனால்தான் அவரை முழுசாக வெறுக்க எனக்கு வரவில்லை. கோபம் மட்டும், அவர் செத்துப்போன பிறகும், அப்படியேதான் இருக்கிறது.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் பட்டுநூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. வாய் கொழுப்பு உண்டு. "எங்க வூட்டுக்காரருக்கு நான் பொண்டாட்டின்றது எனக்கே கல்யாணத்து அன்னிக்குத்தான்மா தெரியும்," என்பாள். அவர் அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

அந்த அண்ணிக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது என்றாள். ஆள் இளைத்துக்கொண்டே வந்தாள், வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. தரகர் அவளை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு ஸ்கேனும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். ஆனால் அந்த டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை. அந்தக் காகிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் கடைக்கு வந்து நகல் எடுத்துக்கொண்டு, வேறொரு டாக்டரிடம் போனார். அங்கே போய் அந்தக் காகிதத்தைக் காட்டினாரா? காட்டவில்லை. அது சட்டைப்பையிலேயே இருந்தது.

"மொத மொத உங்ககிட்டதான் டாக்டர்."

அந்த டாக்டரும் பாவம், முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் இவரும் ஒரு ஸ்கேன் எழுதினார். இப்படியே மூன்றாவது டாக்டரிடம் போவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

அந்த மழையில்தான் அவர் வீட்டு ஓடு ஒழுகிப் பரணில் இருந்த தகரப்பெட்டியைக் கீழே இறக்க வேண்டிவந்தது. உள்ளே அவருடைய அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு புத்தகம். நம்மூர்க் கோயில்களைப் பற்றி எந்தக் காலத்திலோ அச்சடித்தது. தடித்த தாள். பக்க எண்கூடத் தமிழ் எண்ணில்தான். நடுநடுவே கோபுரத்தின் படம், தேரின் படம். எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய புத்தகம் ஒன்று லட்சக்கணக்கில் ஏலம் போனது என்று அப்போது வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. பழைய நாணயம், பழைய நோட்டு என்று எத்தனை வீடியோ வருகிறது. அவையெல்லாம் புளுகு என்று தள்ளிவிடுகிற மனுஷன், இதை மட்டும் நம்பிவிட்டார். அவருக்கு அப்போது நம்புவதற்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கையால் மூடிக்கொண்டு கடைக்கு வந்தார். பூச்சி அரித்த பழுப்புத் தாள். மூன்று ஓரம் மக்கியிருந்தது. நாலாவது ஓரம் மட்டும் புதுசாக, நேர்கோடாக இருந்தது.

"ணா, இது புஸ்தகத்துலேந்து கிழிச்சதா?"

"கிழிக்கறதாவது! பிளேடால அறுத்தேன், நீட்டா."

புத்தகத்தின் தையலை அறுத்து, தாள் தாளாகப் பிரித்துவிட்டிருந்தார். முழுப் புத்தகத்தையும் ஒருத்தனிடம் கொண்டுபோய்க் காட்டினால், அவன் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவானாம். ஆகவே தேர்ப் படம் ஒருத்தருக்கு, கோபுரம் ஒருத்தருக்கு, முகப்புத் தாள் ஒருத்தருக்கு. மூன்று வாயும் ஒன்று சொன்னால் அதான் விலை. அந்த விலை வந்ததும் அண்ணியை மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பது.

"அதுக்கு எதுக்குணா புஸ்தகம்? அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்குதே. நான்தான ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன்?"

"சும்மா தர்றான்னா எங்கயோ புடிப்பான்மா. காசு குடுத்தாதான் ஒழுங்காப் பாப்பான்."

ஏனாத்தூர் காலேஜில் தமிழ் ஆசிரியர் ஒருவருக்குப் பழைய புத்தகங்களில் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டு, என்னையும் துணைக்கு அழைத்தார். படித்தவர்களிடம் பேச அவருக்குக் கூச்சம். ஷேர் ஆட்டோவில் வழக்கம்போல முன்னாலேயே இறங்கி நடக்கவைத்தார். அந்த ஆசிரியர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"நல்ல பழசுங்க. மிச்சம் எங்கே? தயவுசெஞ்சு முழுசாக் கொண்டு வாங்க. முகப்பு இருந்தா அவசியம் வேணும். இனிமே எதையும் அறுக்காதீங்க."

"மிச்சமெல்லாம் இல்ல சார். இது ஒண்ணுதான்," என்றார் தரகர், கண்ணை இமைக்காமல்.

வெளியே வந்ததும் என் கையைத் தட்டினார். "பாத்தியா? முழுசா வேணுமாம் அவருக்கு. அப்ப பெரிய சரக்குதான்."

முகப்புத் தாள் சென்னைப் பழைய புத்தக வியாபாரி ஒருவனிடம் போயிற்று. அவனும் முழுசாகக் கொண்டு வரச் சொல்லித் தாளைத் தானே வைத்துக்கொண்டான். தேர்ப் படத்தைத் திருமுக்கூடல் கோயிலில் கல்வெட்டுப் படிக்க வந்திருந்த ஒருத்தரிடம் காட்டினார். அவரும் அதையேதான் சொன்னார். மூன்று வாயும் ஒன்று சொல்லிவிட்டது.

நான் நினைத்தேன், இனிமேலாவது எல்லாத் தாளையும் சேர்த்துக் கட்டி எடுத்துப்போவார் என்று. அவர் வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூணு பேரும் எழுதி வச்ச மாதிரி ஒரே வார்த்தைய சொல்றானுங்கோ. எப்பிடிமா? போன்ல பேசிக்கினு இருக்கானுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் புரிந்தது. மூன்று வாய் வேறு வேறாகச் சொன்னால் எவனோ ஒருத்தன் பொய் சொல்கிறான் என்பார். ஒன்றாகச் சொன்னால் எல்லாரும் கூட்டு என்பார். அப்படிப்பட்ட ஆளுக்கு எதன் விலையும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

"அண்ணிக்கு மூணாவது டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவனும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்றான்."

"அவனும்னா?"

"மொத டாக்டர் மாத்திரை எழுதும்போதே சொன்னான், கொறயலன்னா அங்க போன்னு. ரெண்டாவது ஆளும் அதையேதான் சொன்னான். மூணு பேரும் ஒரே எடத்தைச் சொல்றான்னா, மூணு பேருக்கும் அங்க கமிஷன் இருக்குதுன்னு அர்த்தம். நான் தரகன்மா. எனக்குத் தெரியாதா?"

நான் கத்திவிட்டேன். வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "உங்க புத்தியில இடி விழ" என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொடுக்க வேண்டிய சில்லறையைக் கண்ணாடியின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே அண்ணியைப் பார்க்கப் போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சுச் சுளை இருந்தது. கொட்டை எடுத்து, நார் எடுத்து, அவர்தான் உரித்து வைத்திருந்தார். அவளால் ஒரு சுளைகூட விழுங்க முடியவில்லை, ஆனால் அவர் மனசு நோகும் என்று கிண்ணத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் என்னையும் பொடவையாட்டமே ஆக்கிட்டாரும்மா. ஒரு டாக்டருக்கு முந்தி, ஒரு டாக்டருக்கு பார்டரு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தரமாவது யார்கிட்டயாவது என்னை முழுசாக் காட்டச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாரு."

வாசலுக்கு வந்து அவரிடம் அப்படியே சொன்னேன், அவள் சொன்ன வார்த்தையிலேயே. "புஸ்தகம் வெலை படியட்டும்மா," என்றார். "நாலு ஆளுகிட்ட சொல்லி வச்சிக்கிறேன்."

விலை படியவில்லை. அதற்குள் அண்ணி மயங்கி விழுந்தாள். தெருவில் இருந்தவர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, தரகரோடு நானும் ஏறிக்கொண்டு, செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிமிராமலேயே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் காட்டினீங்க?"

"எங்கயும் காட்டல டாக்டர். மொத மொத உங்ககிட்டதான்."

அந்த இடத்திலும் அதே வார்த்தை. வேண்டுமென்று சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நாக்கு பழகிய தடத்தில் ஓடிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொய் டாக்டர்," என்றேன் நான். "மூணு எடத்துல காட்டிக்கிறாங்க. ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு."

வாங்க வந்தவன் முன்னால் அடக்க விலையைச் சொல்லிவிட்டவளைப் பார்ப்பது போலத் தரகர் என்னைப் பார்த்தார். "பேப்பர் எங்க?" என்று டாக்டர் கையை நீட்டினார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரே ஒரு காகிதம் வந்தது. மிச்சம் வீட்டில் அரிசிப் பானைக்கடியில் ஒன்று, சாமிப் படத்துக்குப் பின்னால் ஒன்று என்று ஒளித்து வைத்திருந்தார். டாக்டர் அந்த ஒன்றைப் பிரித்தார். முதலில் எடுத்த ஸ்கேன் அதுதான். தேதியைப் பார்த்தார், அண்ணியின் வயிற்றைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார்.

"இதை எடுக்கச் சொன்ன டாக்டர் ஒண்ணுமே சொல்லலையா?"

"இத அவுருகிட்ட காட்டலம்மா," என்றார் தரகர்.

"அப்ப யார்கிட்ட காட்டினீங்க?"

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. காகிதத்தை முன்பு இருந்தது போலவே மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். அண்ணி அந்த வார்டை விட்டு உயிரோடு வெளியே வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தார். வேட்டி கசங்கியிருந்தது, கையில் மஞ்சள் பை. "ஏனாத்தூர் வரைக்கும் வர்றியாமா?" என்றார். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஏறினதும், "ஏனாத்தூர் காலேஜு," என்று அவரே டிரைவரிடம் சத்தமாகச் சொன்னார். காலேஜ் வாசலிலேயே இறங்கினோம்.

ஆசிரியரின் மேஜைமேல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தார். எல்லாத் தாளையும் ஒன்றுசேர்த்து, தமிழ் எண்ணைப் பார்த்துப் பார்த்து வரிசையாக அடுக்கி, பட்டுநூலால் கட்டியிருந்தார். முகப்பு மட்டும் வரவில்லை. சென்னை வியாபாரி தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டானாம். ஆசிரியர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் புரட்டினார். கடைசியில் தாள்களைத் தட்டிச் சீராக அடுக்கினார்.

"ஐயா, உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரலை. இது மாதிரி நான் பாத்ததில்லை. தையலோட, முகப்போட வந்திருந்தா, நல்ல விலை குடுத்து லைப்ரரியில எடுத்துக்கச் சொல்லி நானே எழுதியிருப்பேன். இப்ப எந்த வருஷம், எந்த ஊர் அச்சுன்னே தெரியலை. அறுக்கும்போது ஓரத்துல எழுத்தும் போயிருக்கு. இதுக்கு என்ன விலைன்னு சொல்றது?"

தரகர் தலையாட்டினார். அவர் அதைக் கேட்க வந்ததாகவே தெரியவில்லை.

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்டார் ஆசிரியர்.

அந்த வார்த்தை வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அது வரவில்லை. சென்னை வியாபாரி, திருமுக்கூடலில் பார்த்தவர், வாட்ஸப்பில் படம் பார்த்தவர்கள் என்று ஒருத்தர் விடாமல் சொன்னார். யாரிடம் எந்தத் தாளைக் காட்டினார், என்ன பொய் சொன்னார் என்பது வரைக்கும் சொன்னார். அந்த அறையில் யாரும் அவ்வளவு விவரம் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் சொல்லி முடித்தார். பிறகு பைக்குள் கையை விட்டு இன்னொரு கட்டை எடுத்து ஆசிரியர் முன்னால் வைத்தார். அண்ணியின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு, செங்கல்பட்டில் கொடுத்த காகிதம், எல்லாம் இருந்தது. அதையும் தேதிப்படி அடுக்கி அதே பட்டுநூலால் கட்டியிருந்தார்.

ஆசிரியர் மேல் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "இது ஆஸ்பத்திரிப் பேப்பருங்க. நான் தமிழ் வாத்தியார். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே."

"அது எனக்குத் தெரியும் சார்," என்றார். "வரிசையா வச்சிக்கிறேன். ஒண்ணும் விடல. ஒரே ஒரு தரம் முழுசாப் பாத்துடுங்க."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். அவர் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நூலை அவிழ்த்து, முதல் காகிதத்தைப் பிரித்தார். தரகர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.